கேள்வி நேரத்தில் கை வைக்காதீர்கள்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, அமெரிக்காவில் ஊர் ஊராக நூலகத்தில் உட்கார்ந்து உலக அரசியல் பேசுகிறவர்கள் 70 வருடமாக இருக்கிறார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். சினிமாக் கேள்விகளை ஓரங்கட்டிவிட்டு அதைப் பற்றியே கடிதங்கள் வந்திருக்கின்றன. சரி, இந்த முறை முழுக்க அதுதான்.

மகன் வீட்டுக்கு வடக்கு கரோலினா போயிருந்தபோது பக்கத்து நூலகத்தில் வாரா வாரம் பத்திருபது பெரியவர்கள், எல்லார் கையிலும் ஒரே புத்தகத்தோடு, வட்டமாக உட்கார்ந்து பேசுவதைப் பார்த்தேன். பைபிள் வகுப்பு என்று நினைத்து எட்டிப் பார்த்தால் இந்தோனேசியாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்! என்ன கூட்டம் அது?
– ஒரு வாசகி, தாம்பரம்

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் 'கிரேட் டெசிஷன்ஸ்' கூட்டமாகத்தான் இருக்கும். இந்தோனேசியா 2024ஆம் வருடத்துப் பாடங்களில் ஒன்று. இடம் கொடுப்பது நூலகம், கூட்டத்தை நடத்துவது உள்ளூர் ஆட்கள், புத்தகம் போடுவது நியூயார்க்கில் இருக்கும் ஃபாரின் பாலிசி அசோசியேஷன் என்ற அமைப்பு.

அந்த அமைப்பின் கதையே சுவாரசியம்தான். முதல் உலகப் போர் முடிகிற 1918இல், நாடுகள் எல்லாம் ஒரு சங்கமாகச் சேர்ந்து போரைத் தடுக்கலாம் என்ற அதிபர் வுட்ரோ வில்சனின் லீக் ஆஃப் நேஷன்ஸ் யோசனைக்கு ஆள் திரட்டுவதற்காக வேறு பெயரில் ஆரம்பித்தார்கள். அமெரிக்க செனட் சபை, அந்த லீக் யோசனை அடங்கிய வில்சனின் சமாதான ஒப்பந்தத்தையே தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டது. ஆரம்பித்த காரணம் செத்துப்போன பிறகு இம்மாதிரி சங்கங்கள் வழக்கமாகக் கலைந்துவிடும். இவர்கள் கலையவில்லை. நம் ஜனங்களுக்கு வெளிநாட்டு விவகாரமே தெரியவில்லை, அதைச் சொல்லிக்கொடுப்போம் என்று திசையை மாற்றிக்கொண்டு, 1923இல் இப்போதைய பெயரை வைத்துக்கொண்டார்கள். அங்கே ஆராய்ச்சிப் பிரிவைப் பல வருடம் கவனித்தவர் வேரா மிஷெல்ஸ் டீன் என்ற பெண்மணி. ரஷ்யாவில் பிறந்தவர். பிற்பாடு இந்திய ஜனநாயகத்தைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதினார்.

நீங்கள் பார்த்த வட்டக் கூட்டம் தொடங்கியது 1954இல், ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து ஊரில். அமைப்பின் அலுவலர் ரோஜர் மாஸ்ட்ரூட் என்பவரின் யோசனை. பெரிய ஆளைக் கூட்டிவந்து பேசவைத்தால் ஜனங்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதற்குப் பதில் அவர்களையே பேச வைத்தால் என்ன என்பதுதான் அதன் சாரம். வருடத்துக்குப் பெரும்பாலும் 8 தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் விஷயம் தெரிந்த ஒருவர், பேராசிரியரோ முன்னாள் தூதரோ, ஒரு கட்டுரை எழுதுவார். எட்டும் சேர்ந்து ஒரு மெல்லிய புத்தகம். பல ஊர்களில் ஜனவரி, பிப்ரவரி குளிரில், வெளியே வேறு வேலை இல்லாத மாதங்களில், வாரம் ஒரு தலைப்பாகப் பேசி முடித்துவிடுவார்கள்.

நானும் ஒரு தடவை ஓரமாக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மடக்கு நாற்காலிகள், மூலையில் ஒரு காபி ஃபிளாஸ்க், முதலில் அரை மணி நேரம் வீடியோ. அதற்குப் பிறகு நெறியாளர், அவரும் அந்த ஊர்க்காரர்தான், "சரி, யார் இந்தக் கட்டுரையோடு ஒத்துப்போகவில்லை?" என்றார். எனக்குப் பிடித்தது அந்த முதல் கேள்வி. யாருக்குப் பிடித்தது என்று கேட்கவில்லை. எதிர்வரிசையில் ஒருவர் புத்தகத்தின் ஓரம் முழுக்கப் பென்சிலால் கிறுக்கி வைத்திருந்தார். பக்க எண்ணைச் சொல்லி, இந்தப் பத்தியில் எழுதியிருப்பதற்கும் இரண்டு பக்கம் தள்ளி எழுதியிருப்பதற்கும் ஒட்டவில்லையே என்று ஆரம்பித்தார். அப்புறம் அறை சூடாகிவிட்டது. நம்மூர் டீக்கடை பெஞ்சிலும் இதே சூடு உண்டு. வித்தியாசம், இங்கே வந்தவர்கள் எல்லாரும் வருமுன் அதே கட்டுரையைப் படித்திருந்தார்கள்.

எல்லாம் அமெரிக்கப் பிரச்சாரம்தானே ஐயா? இதைப் போய்ப் பெரிதாக எழுதுகிறீர்களே.
– ஒரு வாசகர், மதுரை

பாதி சரி. எந்தக் கட்சிக்கும் சாயாதவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள், கட்சி விஷயத்தில் அது உண்மையும்கூட. ஆனால் எந்த நாட்டைப் பற்றிய கட்டுரையானாலும், சுற்றிச் சுற்றி 'இதில் அமெரிக்கா என்ன செய்ய வேண்டும்' என்ற இடத்துக்கே வந்து நிற்கும். 2020இல் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரு தலைப்பு. 2025இல் சீனாவுக்கும் மேற்குக்கும் நடுவில் நிற்கிற இந்தியா ஒரு தலைப்பு. நாம் 140 கோடிப் பேர் யாரோ ஒருவருக்கு அந்த வாரத்து வீட்டுப்பாடம் என்று நினைத்தால் லேசாகச் சிரிப்பு வரும், கொஞ்சம் எரிச்சலும் வரும். எழுதுகிறவர்களும் பெரும்பாலும் வாஷிங்டன், நியூயார்க் வட்டாரத்தில் புழங்குகிறவர்கள். அமெரிக்கா உலக விவகாரத்தில் மூக்கை நுழைக்கவே வேண்டாம் என்று எழுதுகிறவரை அந்தப் பக்கங்களில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன். 1954 எப்படிப்பட்ட வருடம்? எங்கே பார்த்தாலும் கம்யூனிஸ்டைத் தேடிய செனட்டர் மெக்கார்த்தியின் விசாரணைகள் தொலைக்காட்சியில் ஓடிய வருடம். சோவியத்தைப் பற்றி நிதானமாக ஒரு வார்த்தை சொன்னாலே, 'இவன் அந்தப் பக்கத்து ஆளோ' என்று பார்த்த காலம். அப்போது பக்கத்து வீட்டுக்காரரைக் கூடத்தில் உட்காரவைத்து, நம் அரசாங்கம் செய்வது சரியா என்று பேச ஆரம்பித்ததைப் பிரச்சாரம் என்று மட்டும் சொல்லித் தள்ள எனக்கு மனசு வரவில்லை.

பேசிய பிறகு ஓட்டுச்சீட்டில் கருத்துச் சொல்வார்களாமே? அதனால் எந்தப் போராவது நின்றதா?
– ஒரு வாசகர், விருத்தாசலம்

நிற்கவில்லை. ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு கேள்வித்தாள் உண்டு, நாடு முழுக்க வந்ததைத் தொகுத்து அறிக்கையாக்கி வெள்ளை மாளிகைக்கும் வெளியுறவுத் துறைக்கும் நாடாளுமன்றத்துக்கும் அனுப்புவது அவர்கள் வழக்கம். அங்கே அதை யார் எந்த அலமாரியில் வைப்பார்கள் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியாதா?

அதைப் பொதுமக்கள் கருத்து என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. தானாக ஆசைப்பட்டு வருகிறவர்கள், பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள், படித்தவர்கள். ஆனால் சாதாரணக் கருத்துக்கணிப்பில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவனை போனில் கூப்பிட்டு நேட்டோவைப் பற்றிக் கேட்கிறார்கள். இங்கே அதைப் பற்றி ஒரு வாரம் படித்துவிட்டு, ஒன்றரை மணி நேரம் சண்டையும் போட்டுவிட்டு வந்தவரைக் கேட்கிறார்கள். அந்த ஒரு விஷயத்துக்காக அந்த அறிக்கையைப் புரட்டலாம்.

நீங்கள் எப்போதும் 'பேச்சைவிடக் கேள்வி நேரம்தான் முக்கியம்' என்கிறீர்கள். பேச்சாளர் நன்றாகப் பேசினால் போதாதா?
– ஒரு கல்லூரி ஆசிரியை, கோயம்புத்தூர்

போதாது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து ஊரில் சிட்டி கிளப் என்று ஒன்று இருக்கிறது, 1912இல் தொடங்கியது. அவர்களுடைய வெள்ளிக்கிழமைக் கூட்டம் பிரபலம். வந்து பேசுகிறவர் யாராக இருந்தாலும் கடைசியில் கூட்டத்தின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், கேள்விகளை முன்கூட்டியே வாங்கி வடிகட்ட மாட்டார்கள் என்பது அங்கே கிட்டத்தட்ட சட்டம்.

2006 மார்ச் 20 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ் அங்கே வந்தார். இராக் போர் தொடங்கி 3 வருடம் ஆன நேரம், போர் சரியாகத்தான் போகிறது என்று சொல்வதற்கே வந்திருந்தார். பேசி முடித்ததும் முதல் கேள்வி: இந்தப் போரும் பயங்கரவாதமும் உலகம் முடியப்போவதன் அறிகுறி என்று பைபிள் வழியில் சிலர் நம்புகிறார்களே, நீங்களும் நம்புகிறீர்களா? புஷ் ஒரு 'ம்ம்ம்' போட்டுவிட்டு, நான் அப்படி யோசித்துப் பார்த்ததில்லை என்றார். அதே கூட்டத்தில் இன்னொருவர் எழுந்து, போருக்குப் போக நீங்கள் சொன்ன காரணங்கள் மூன்று, பேரழிவு ஆயுதம், 9/11 தாக்குதல்காரர்களுடன் தொடர்பு, நைஜரிலிருந்து அணுப்பொருள், மூன்றுமே பொய்யாகிவிட்டனவே, இனி தலைவர்கள் சொல்வதை ஜனங்கள் எப்படி நம்புவார்கள் என்று கேட்டார். கத்தவில்லை, கோஷம் போடவில்லை. அன்று புஷ் பேசியது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? அந்தக் கேள்விகளை இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள்.

விதிவிலக்கும் அதே கிளப்பில் உண்டு, சொல்லாமல் விடக் கூடாது. 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள், அதிபர் வேட்பாளராகும் போட்டியில் இருந்த ராபர்ட் கென்னடி மற்ற பிரச்சாரக் கூட்டங்களையெல்லாம் ரத்து செய்துவிட்டு இந்த ஒன்றுக்கு மட்டும் வந்து, வன்முறையைப் பற்றிச் சுருக்கமாகப் பேசிவிட்டுப் போனார். இரண்டு மாதத்தில் அவரையும் சுட்டுவிட்டார்கள். அப்படி ஒரு பேச்சுக்கு யாரும் கை தூக்கிக் கேள்வி கேட்க வேண்டியதில்லை.

இப்போது நம் கூட்டத்துக்கு வாருங்கள். மாலை 6 மணிக் கூட்டம் 6:45க்குத் தொடங்கும். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, முன்னிலை வகிக்கிறவர்கள் ஐந்து பேரும் ஆளுக்கு 'இரண்டே நிமிடம்', பொன்னாடை, பொன்னாடை போட்டவருக்கு ஒரு பொன்னாடை, நினைவுப் பரிசு, போட்டோ சரியாக விழவில்லை என்று இன்னொரு முறை நினைவுப் பரிசு. சிறப்புரை தொடங்கும்போது மணி 8. அதுவும் முடிகிற நேரத்தில் அரங்கத்து வாட்ச்மேன் சாவிக்கொத்தோடு கதவோரம் வந்து நிற்பார். 'நேரமின்மை காரணமாகக் கேள்விகளைத் தவிர்த்து, நன்றியுரை ஆற்ற அன்போடு அழைக்கிறேன்.' இரண்டு மணி நேரம் கையில் சீட்டு எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தவர் அதை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் பிடிக்கப் போவார். எனக்கு அவரைப் பார்த்தால்தான் கஷ்டமாக இருக்கும்.

'சாத்தம் ஹவுஸ் விதிப்படி நடந்த கூட்டம்' என்று செய்தியில் படிக்கிறேன். அப்படியென்றால் ரகசியக் கூட்டமா?
– ஒரு வாசகர், திருவாரூர்

முழு ரகசியம் இல்லை. லண்டனில் சாத்தம் ஹவுஸ் என்ற கட்டடத்தில் இருக்கிற சர்வதேச விவகாரக் கழகம் 1920இல் தொடங்கியது, இந்த விதியை 1927இல் வைத்தார்கள். கூட்டத்தில் கேட்டதை வெளியே சொல்லலாம், எழுதலாம். யார் சொன்னார், அவர் எந்த ஊர், எந்த ஆபீஸ் என்பதை மட்டும் காட்டிக்கொடுக்கக் கூடாது. பதவியில் இருக்கிறவர் வாயைத் திறக்க அது ஒரு வழி. ஊர்க்கூட்டத்துக்கு இது தேவையில்லை. நம்மூரில் யார் சொன்னார் என்பதுதானே முதலில் பரவும்?

திறந்த கூட்டம், யார் வேண்டுமானாலும் வரலாம் என்றால் ஆபத்தில்லையா? சல்மான் ருஷ்டிக்கு நடந்தது இப்படி ஒரு கூட்டத்தில்தானே?
– ஒரு வாசகி, புதுச்சேரி

ஆமாம், 2022 ஆகஸ்ட் 12, நியூயார்க் மாநிலத்தின் ஷட்டாக்வா. ஏரிக்கரையில் 1874இல் ஞாயிறு வேதப் பள்ளி ஆசிரியர்களுக்காக ஆரம்பித்த கோடை முகாம் அது, வளர்ந்து வளர்ந்து கோடை முழுக்க உரைகள் நடக்கிற ஊராகவே ஆகிவிட்டது. அன்றைய தலைப்பு என்ன தெரியுமா? நாடு கடந்து வரும் எழுத்தாளர்களுக்கு அமெரிக்கா எப்படிப் பாதுகாப்பான புகலிடம் என்பது. ருஷ்டியை மேடையில் வைத்தே ஒருவன் கத்தியால் குத்தினான். ஒரு கண் போய்விட்டது. முதலில் ஓடிவந்தவர்களில் பார்வையாளர்களும் இருந்தார்கள். வருகிறவர்களின் பையைச் சோதிக்கலாம், சோதிக்கவும் வேண்டும். ஆனால் மேடைக்கும் நாற்காலிக்கும் நடுவில் கம்பி வேலி போட்டால் அது கட்சிப் பொதுக்கூட்டம், வேறு ஜாதி.

இந்தியாவில் இதுபோல எதுவும் கிடையாதா?
– ஒரு வாசகர், சேலம்

ஏன் இல்லை? புனேயில் வசந்த வியாக்யானமாலா என்று ஒன்று, நீதிபதி ரானடே முயற்சியில் 1875இல் தொடங்கியது. வருடா வருடம் ஏப்ரல், மே வெயிலில், தினம் ஒரு உரை என்று சாயங்காலம் திலகர் நினைவு மந்திரில் நடக்கும். உலக விவகாரம் மட்டும் அல்ல, எல்லாம் வரும். மராத்திக்காரர்கள் கோடை விடுமுறைக்கு இதை ஒரு பொழுதுபோக்காகவே வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பொறாமை உண்டு.

உலக விவகாரத்துக்கென்றே என்றால் டெல்லியில் உலக விவகாரங்களுக்கான இந்தியக் கவுன்சில், 1943இல் தொடங்கியது, இருப்பிடம் சப்ரு ஹவுஸ். நாடு விடுதலை ஆவதற்கு முன்பே, 1947 மார்ச் கடைசியில், டெல்லியின் பழைய கோட்டையான புரானா கிலாவில் ஆசிய உறவுகள் மாநாட்டை நடத்திக் காட்டியவர்கள் இவர்கள்தான். சரோஜினி நாயுடு தலைமை, கடைசி நாட்களில் காந்தி வந்து பேசினார். சொந்தக் கொடி ஏறாத ஒரு தேசம் ஆசியா முழுவதையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியது. இப்போது அது நாடாளுமன்றச் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனம், தலைவர் குடியரசுத் துணைத் தலைவர். கூட்டங்கள் தரமாகவே நடக்கின்றன. ஆனால் திருவாரூர்க்காரரோ சேலத்துக்காரரோ போய் உட்காருகிற இடமா அது?

எங்கள் திருப்பூரில் நாலைந்து பேர் சேர்ந்து இப்படி ஒன்று ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறோம். எல்லாரும் கம்பெனி ஆட்கள், நேரம் கம்மி. எப்படித் தொடங்குவது?
– ஒரு வாசகர், திருப்பூர்

உங்கள் ஊரைவிட இதற்குப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை. செங்கடலில் ஏமன் நாட்டு ஹூத்தி படையினர் 2023 நவம்பரில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்ததும் தூத்துக்குடியில் ஏற்றிய உங்கள் சரக்கு சூயஸ் வழியே போக முடியாமல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு ஐரோப்பா போனது. வாடகை ஏறியது, நாள் தள்ளியது, பையர் முறைத்தார். 2025 ஆகஸ்ட் 27இல் அமெரிக்கா பெரும்பாலான இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதம் ஆக்கியபோது அந்த அடி முதலில் விழுந்த ஊர்களில் உங்களுடையது ஒன்று. வங்கதேசத்தில் ஆட்சி மாறினால் உங்கள் ஆர்டர் மாறுகிறது. இத்தனையும் உங்கள் தெருவில் வந்து நிற்கும்போது, தலைப்புக்கு நியூயார்க்கில் இருந்து புத்தகம் வரவழைக்க வேண்டுமா என்ன? முதல் தலைப்பை செங்கடல் என்று வைத்துவிடுங்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை, அதில் மட்டும் தளராதீர்கள்: 15 பக்கமாவது படித்துவிட்டுத்தான் வர வேண்டும். ஒருவர் இரண்டு மூன்று நல்ல கட்டுரைகளைத் தேடிச் சேர்த்து, தமிழில் இல்லையென்றால் தமிழில் சுருக்கி எழுதி, ஒரு வாரம் முன்னாலேயே ஜெராக்ஸ் எடுத்துக் கையில் கொடுத்துவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பினால் படிக்க மாட்டார்கள், காகிதமாகக் கொடுத்தால் வாங்கிய கூச்சத்துக்காவது படிப்பார்கள். எதிர்க்கருத்துச் சொல்கிற கட்டுரை ஒன்று அதில் கண்டிப்பாக இருக்கட்டும், இல்லாவிட்டால் எல்லாரும் தலையாட்டிவிட்டு ஒன்பது மணிக்குள் கலைந்துவிடுவீர்கள்.

இடத்துக்கு நூலகத்தில் கேளுங்கள். பல நூலகங்களில் வாசகர் வட்டம் பெயரளவுக்காவது இருக்கும், அதன் கீழே நடத்தலாம். கம்பெனி கான்ஃபரன்ஸ் ஹால் வேண்டாம். முதலாளி உட்கார்ந்திருக்கிற அறையில் தையல்காரர் எப்படி வாயைத் திறப்பார்? அவரும் வர வேண்டும், அந்த வரி அடியைப் பற்றி அவர் சொல்ல வேண்டியது முதலாளி சொல்வதைவிட வேறாக இருக்கும்.

மாதம் ஒரே கிழமை, ஒரே நேரம், மாற்றவே மாற்றாதீர்கள். பேச்சாளர் வராவிட்டாலும் கூட்டம் நடக்கட்டும். லண்டனில் கிரஷாம் கல்லூரி 1597இல் இருந்து பொதுமக்களுக்கு இலவச உரை நடத்துகிறது. ஆரம்பத்தில் ஏழு பேராசிரியர்கள், வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒருவர் என்று வைத்துக்கொண்டார்கள். இன்று கிழமை என்ன என்று தெரிந்தால் போதும், என்ன உரை என்று ஊருக்கே தெரிந்துவிடும். பேனர் செலவு மிச்சம்.

வருகிறவர்கள் எல்லாம் 60 தாண்டியவர்கள். இளைஞர்களை எப்படி வரவழைப்பது?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

அமெரிக்காவிலும் இதே புலம்பல்தான். அங்கே உலக விவகாரக் கவுன்சில்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு 'அகாடமிக் வேர்ல்ட்குவெஸ்ட்' என்று ஒரு வினாடி வினா நடத்துகிறார்கள், அதில் இந்த கிரேட் டெசிஷன்ஸ் புத்தகமும் ஒரு பாடம். படிக்க வைக்கிற தந்திரம், தப்பில்லை. உங்கள் ஊரில் டிஎன்பிஎஸ்சி, யுபிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளைகள் நூலகத்தில் காலையிலிருந்து இரவு வரை உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களைக் கூப்பிடுங்கள். பேசுவதற்கு இல்லை, நடத்துவதற்கு. மைக்கை 25 வயதுக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் கை தூக்கிக் காத்திருக்கட்டும். கொஞ்சம் கடினம்தான், எனக்கும் வயது 60ஐத் தாண்டிவிட்டது, தெரியும்.

ஒருவர் கேள்வி கேட்கிறேன் என்று எழுந்து 10 நிமிடம் சொற்பொழிவு ஆற்றினால்?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

அவரை அடுத்த மாதப் பேச்சாளராக அங்கேயே அறிவித்துவிடுங்கள். ஒன்று, சந்தோஷமாக உட்கார்ந்துவிடுவார். இல்லையென்றால் அடுத்த மாதம் வரமாட்டார்.

டீ, வடை கொடுக்க வேண்டுமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

கட்டாயம். ஆனால் கேள்வி நேரத்துக்குப் பிறகு. முன்னால் கொடுத்தால் பாதிப் பேர் வடையோடு கிளம்பிவிடுவார்கள், மீதிப் பேருக்கு மைக் பிடிக்கக் கை எண்ணெயாக இருக்கும்.